சொட்டும் மருந்துதான் ஸார்!

அபிராமபுரத்தில் ஒரு வீடு. எந்தத் தெரு என்று கேட்காதீர்கள், கற்பனை வீடுதான். ஆனால் அந்தப் பக்கத்தில் எந்த ஃப்ளாட்டின் காலிங் பெல்லை அழுத்தினாலும் கதை கொஞ்சம் கொஞ்சம் பொருந்தும்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. ரிட்டையர்டு. தினமும் காலையில் லஸ் நாகேஸ்வர ராவ் பார்க்கில் நாலு ரவுண்டு நடை, அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கார் நடத்துவது. ப்ரஷருக்கு இருபது வருஷமாக ஒரு மாத்திரை. போன மாதம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் டாக்டர், "கிளாக்கோமா ஆரம்பம். பயப்படாதீங்க, ரெண்டு வேளை சொட்டு மருந்து விட்டுக்குங்க" என்றார். கூடவே, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றும் கேட்டார்.

"ப்ரஷருக்கு ஒண்ணு சாப்பிடறேன். பேர் ஞாபகம் இல்லே. சின்னதா, வெள்ளையா இருக்கும்."

உலகத்தில் பாதி மாத்திரைகள் சின்னதாக, வெள்ளையாகத்தான் இருக்கின்றன.

பத்து நாளில் நாலு ரவுண்டு இரண்டாயிற்று. மாடிப்படி ஏறும்போது கண்ணை இருட்டியது. "வயசாயிடுத்து, வேறென்ன?" என்றாள் அம்மா. குடும்ப டாக்டர் நாடி பார்த்து, "புதுசா ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்லையே டாக்டர்!"

மாமா பொய் சொல்லவில்லை. சொட்டு மருந்தை யாராவது 'சாப்பிடு'வார்களா என்ன? அது கண்ணுக்கு விடுவது. கண் சமாச்சாரம் கண்ணோடு போயிற்று என்று அவர் நினைக்கிறார். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். இந்தக் கட்டுரைக்கு வேலை வைப்பது அந்த நினைப்புதான்.

அந்த வெள்ளை மாத்திரையின் பெயர் அடினோலால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொட்டு மருந்தின் பெயர் டைமோலால். பெயரைக் கவனித்தீர்களா? இரண்டும் ஒரே குடும்பம். ப்ரோப்ரனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால், கார்வெடிலால்... எல்லோருக்கும் வால் 'லால்'. சௌகார்பேட்டை அண்ணன் தம்பிகள் மாதிரி. மருத்துவத்தில் இவர்களுக்குப் பொதுப் பெயர் பீட்டா ப்ளாக்கர். மாமா வாய் வழியாக ஒரு லாலையும், கண் வழியாக இன்னொரு லாலையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஒருவர் உள்ளே இருப்பது இன்னொருவரை எழுதிக் கொடுத்த டாக்டருக்குத் தெரியாது.

இந்த லால்கள் என்ன செய்கிறார்கள்?

மானேஜர் கூப்பிட்டு, "அந்த ஃபைல் என்ன ஆச்சு?" என்று கேட்கும்போது உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறதே, அது அட்ரினலின் வேலை. ரத்தத்தில் வரும் அட்ரினலின் ஒரு சாவி. இதயத்திலும் நுரையீரல் குழாய்களிலும் ரத்தக் குழாய்களிலும் அதற்கான பூட்டுகள் இருக்கின்றன. பூட்டுகள் இரண்டு வகை, ஆல்ஃபா, பீட்டா என்று 1948-ல் எழுதியவர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் என்ற அமெரிக்கர். முதலில் அனுப்பிய பத்திரிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. வேறு பத்திரிகையில் வந்த பிறகும் பத்து வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்காட்லாந்துக்காரர். டாக்டருக்குப் படித்து முடித்ததும் கடன் கழுத்தை நெரிக்க, 1947-ல் சிங்கப்பூருக்குப் போய் மெடிக்கல் காலேஜில் பாடம் நடத்தினார். நம்ம ஊர் ஆட்கள் கடன் அடைக்க சிங்கப்பூர் போவதற்கு இந்த வெள்ளைக்காரர் நல்ல முன்னுதாரணம்! அவருடைய அப்பா ஒரு கார் விபத்தை அடுத்து மாரடைப்பில் இறந்துபோனார். அதிர்ச்சியும் படபடப்பும் இதயத்தை என்ன பாடு படுத்துகின்றன என்ற கேள்வி மகன் மனதில் தங்கிவிட்டது. அந்தக் காலத்து டாக்டர்கள், இதய வலிக்காரருக்கு இதயத்துக்கு அதிக ரத்தம் அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தார்கள். பிளாக் வேறு மாதிரி யோசித்தார். வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்கலாமே! இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் நம் வீட்டு அம்மாக்கள் போடுகிற அதே கணக்கு. அட்ரினலின் வந்து திறக்குமுன், பூட்டில் ஒரு போலிச் சாவியைச் செருகி அடைத்துவிட்டால் இதயம் நிதானமாகத் துடிக்கும், ஆக்ஸிஜன் செலவு குறையும்.

1958-ல் ஐ.ஸி.ஐ. கம்பெனியில் சேர்ந்தார். முதலில் செய்த மருந்து எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியது, தூக்கிப் போட்டார்கள். அடுத்தது ப்ரோப்ரனோலால். 1964-லிருந்து நோயாளிகளுக்குப் புழக்கத்தில் வந்தது. இதய வலிக்காகக் கொடுத்தால் ப்ரஷரும் இறங்குகிறதே என்று லண்டன் டாக்டர் ஒருவர் கவனித்தார். அப்படித்தான் லால் வகையறா ப்ரஷர் மாத்திரை ஆயிற்று. 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2010-ல் காலமானார்.

இன்றைக்கு வெறும் ப்ரஷருக்கு மட்டும் என்றால் பல டாக்டர்கள் முதலில் வேறு மாத்திரைகளைத்தான் எழுதுகிறார்கள். மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், துடிப்பு தாறுமாறானவர்கள் ஆகியோருக்கு லால்கள் இன்றும் அவசியம். ஆனால் பழைய பிரிஸ்கிரிப்ஷனை மாற்றாமல் வருஷக்கணக்கில் அதே மாத்திரையை வாங்கி விழுங்கும் பெரியவர்கள் மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரத்தில் ஏராளம்.

சரி, இதய மருந்துக்குக் கண்ணில் என்ன வேலை?

உங்கள் வீட்டு மொட்டை மாடி ஓவர்ஹெட் டாங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது; இன்னொரு பக்கம் குழாய் வழியாக வெளியேறுகிறது. கண்ணின் முன்பகுதியிலும் இதே ஏற்பாடுதான். உள்ளே ஒரு தெளிந்த நீர் சுரந்துகொண்டே இருக்கிறது, ஓரத்திலுள்ள வடிகால் வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. (இது கண்ணீர் அல்ல, கண்ணீர் வெளியே, இது உள்ளே.) வடிகால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பத்திலிருந்து இருபத்தொன்று வரை சாதாரண அளவு. ஏறிய அழுத்தம் பின்னால் இருக்கும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கும். இதுதான் கிளாக்கோமா. சிலருக்கு அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு, அது தனிக் கதை.

இந்த நோய் கெட்டிக்காரத் திருடன். நடு ஹாலில் கை வைக்காது. முதலில் ஓரப் பார்வையைத் திருடும். எதிரே இருக்கும் பேப்பரை ஜோராகப் படிக்கலாம். லஸ் கார்னரில் பக்கவாட்டில் வருகிற ஆட்டோ மட்டும் தெரியாது. வலிக்காது, சிவக்காது. தெரிய வரும்போது பாதி போயிருக்கும். போனது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

சொட்டு மருந்துகள் இவ்வளவு பெருகாத காலத்தில் என்ன செய்தார்கள்? இங்கே நம்ம சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-ல் ஆரம்பித்தது. அதன் தலைவராக 1904 முதல் பத்து வருஷம் இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். கருவிழி ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டத் துளை போட்டு, தேங்கிய நீருக்குப் புது வடிகால் வெட்டும் ஆபரேஷனை 1909-ல் அறிவித்தார். 'எலியட் ஆபரேஷன்' என்று உலகம் முழுக்கப் பல வருஷம் அது நடந்தது. சுவாரஸ்யமான மனிதர். பாம்பு விஷத்தை ஆராய்ந்தார். லண்டன் திரும்பிய பிறகு மந்திரவாதிகள் சங்கத்தில் சேர்ந்து, நம்ம ஊர்க் கயிறு வித்தை நிஜமா புருடாவா என்று விசாரித்த கமிட்டிக்கே தலைவராக இருந்தார்!

எலியட் வடிகாலைப் பார்த்தார். லால்கள் மோட்டாரைப் பார்க்கின்றன. கண்ணுக்குள் நீர் சுரக்கும் இடத்திலும் பீட்டா பூட்டுகள் உண்டு. அதை அடைத்தால் சுரப்பு குறையும், அழுத்தம் இறங்கும். ப்ரோப்ரனோலால் கொடுத்தால் கண் அழுத்தம் இறங்குவதை 1967-லேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் அதைச் சொட்டாக விட்டால் கண் மரத்துப்போகும். மரத்துப்போன கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாதே! மரக்கச் செய்யாத தம்பி ஒருவர் கிடைத்தார், டைமோலால். 1978-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. டாக்டர் பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவை ஆரம்பித்ததும் அதே 1978-ல்தான். அழுத்தத்தை நாலில் ஒரு பங்கு வரை குறைக்கும், விலையும் மலிவு. 1996-ல் லட்டனோப்ராஸ்ட் மாதிரி புது மருந்துகள் வர ஆரம்பித்து இன்று முதலிடத்தைப் பிடித்துவிட்டாலும், டைமோலாலுக்கு இன்னும் மவுசு குறையவில்லை.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

சிவாஜி படத்தில் அம்மா அழும்போது முந்தானையால் கண்ணை மட்டுமா துடைக்கிறார்? மூக்கையும்தான். ஏன்? கண்ணின் மூக்கோர முனையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. அதிலிருந்து மூக்குக்கு நேராக ஒரு சாக்கடைக் குழாய். கண்ணீரில் ஒரு பங்கு கன்னத்திலே, மிச்சம் மூக்கிலே. சொட்டு மருந்து விட்டுக்கொண்டால் சற்று நேரத்தில் தொண்டையில் கசக்கிறதே, அதுவும் இந்த வழிதான்.

கண் இமைக்குள் நிற்கக்கூடியது அதிகபட்சம் 0.03 மில்லி. பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டோ 0.05 மில்லி வரை இருக்கலாம். மிச்சம் வழியும், கண்ணில் நின்றதிலும் பெரும் பகுதி அந்தக் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலக்கும். மாத்திரை என்றால் வயிற்றிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போக வேண்டும். கல்லீரல், மீனம்பாக்கம் கஸ்டம்ஸ் மாதிரி. பெட்டியைத் திறந்து பாதியை எடுத்துக்கொண்டுதான் விடும். மூக்கு வழியாகப் போகிற சொட்டுக்குக் கஸ்டம்ஸே கிடையாது. ஒரு சொட்டில் இருப்பது கால் மில்லிகிராம்தான். ஆனால் பூட்டு தேடிப் போய் இதயத்திலும் நுரையீரலிலும் உட்கார அது போதும்.

சும்மா பயமுறுத்தவில்லை. டைமோலால் சொட்டு விற்பனைக்கு வந்த 1978-லிருந்து 1985 வரை, அதனால் ஏற்பட்டதாகச் சொல்லி அமெரிக்காவில் பதிவான கடுமையான மூச்சு, இதயக் கோளாறுகள் 450. மரணங்கள் 32. பல, முதல் நாளிலும் முதல் வாரத்திலும் நடந்தவை. கோடிக்கணக்கான சொட்டுகளுக்கு நடுவே இது சின்ன எண்ணிக்கைதான். பெரும்பாலானவர்களுக்கு இந்த மருந்து ஒரு தொந்தரவும் தருவதில்லை. ஆனால் அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே ஊகிக்க முடியும் என்பதுதான் வருத்தமான விஷயம்.

முதலில் ஆஸ்துமாக்காரர்கள். மூச்சு இரைக்கும்போது உறிஞ்சுகிறார்களே சால்புடமால், அது நுரையீரல் குழாயின் பீட்டா பூட்டைத் திறக்கிற சாவி. டைமோலால் அதே பூட்டில் ஒடிந்து நிற்கிற சாவி. ஆஸ்துமாக்காரர் கண்ணில் ஒரு சொட்டு விட்டால் இழுப்பு வரலாம். அப்போது இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அடுத்து, ஏற்கெனவே நாடி மெதுவாக இருப்பவர்கள், இதய மின்னோட்டத்தில் தடை உள்ளவர்கள். அப்புறம் நம்ம மாமா மாதிரி மாத்திரையிலும் சொட்டிலும் லால் எடுப்பவர்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வேறு மாதிரி வம்பு: சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் நெஞ்சு படபடத்து எச்சரிக்குமே, அந்த மணியின் நாக்கை லால் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு லால் சேர்வதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. மாத்திரையே கண் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுவதால், மேலே விடுகிற சொட்டால் கூடுதல் பலன் அதிகம் கிடைப்பதில்லை. தொந்தரவு மட்டும் கூடும். அதே காரணத்தால், ப்ரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரின் கண் அழுத்தத்தை அளந்தால் நல்ல பிள்ளை மாதிரி சரியான எண்ணைக் காட்டி, உள்ளே கிளாக்கோமா ஒளிந்திருக்கவும் கூடும். கண் டாக்டருக்கு மாத்திரையின் பெயர் தெரிந்தால் எண்ணை மட்டும் நம்பாமல் நரம்பையும் கூர்ந்து பார்ப்பார்.

ஆகவே, ஆபீஸ் போகும் மகனே! உங்களுக்கு ஒரு வேலை. அப்பாவின் மாத்திரை அட்டைகளையும் சொட்டு பாட்டிலையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். பாட்டிலின் பெரிய எழுத்துப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். கம்பெனி வைத்த பெயரில் லால் இருக்காது. கீழே பொடி எழுத்தில் தேடுங்கள். அதிலும் இப்போது கூட்டணிச் சொட்டுகள் நிறைய. பிரிமோனிடினோடு டைமோலால், டோர்சோலமைடோடு டைமோலால், பைமட்டோப்ராஸ்டோடு டைமோலால். தேர்தல் கூட்டணி மாதிரி, போஸ்டரில் முகம் பெரிதாக இல்லாவிட்டாலும் ஆள் உள்ளே இருப்பார்.

சொட்டு விடும் விதத்துக்கு ஒரு சின்ன வித்தை உண்டு; எலியட்டின் மந்திரவாதிகளுக்கே தெரியாது. கீழ் இமையை லேசாக இழுத்து ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு தெண்டம். உடனே கண்ணை மென்மையாக மூடி, மூக்கோர முனையை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். படபடவென்று இமைக்கக் கூடாது. இமைத்தால் பம்ப் அடித்த மாதிரி மருந்து மூக்குக்கு ஓடும். இப்படிச் செய்தால் ரத்தத்தில் கலக்கும் அளவு பாதிக்கு மேல் குறைவதாக 1984-ல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். மருந்தும் கண்ணிலேயே நின்று வேலை செய்யும். இரண்டு வகைச் சொட்டு என்றால் நடுவே ஐந்து நிமிஷம் இடைவெளி. அப்பாவுக்கு ஐந்து நிமிஷம் போர் அடிக்குமே என்றால் ரேடியோவைப் போட்டுவிடுங்கள்.

ராத்திரிச் சொட்டு தேவையா என்றும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். தூங்கும்போது கண் மோட்டார் தானாகவே மெதுவாகத்தான் ஓடும். டைமோலாலுக்கு அப்போது பெரிய வேலை இல்லை. ராத்திரியில் ப்ரஷரும் தானாக இறங்கும். அதை இன்னும் இறக்கினால் பார்வை நரம்புக்குப் போகும் ரத்தம் குறையலாம். சிலருக்குக் காலையில் ஒரு வேளையே போதும் என்று டாக்டர் மாற்றித் தருவார்.

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை ஒரு நிமிஷம் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். ஐம்பதுக்குக் கீழே போனாலோ, தலை சுற்றினாலோ, மூச்சு இரைத்தாலோ உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு, "அப்பா, நாளையிலேர்ந்து சொட்டும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். லால் மாத்திரையைத் திடுமென்று நிறுத்தினால், இத்தனை நாள் அடைபட்டிருந்த பூட்டுகள் ஒரே நேரத்தில் திறந்து இதயம் தறிகெட்டு ஓடும்; மாரடைப்பு வரை போகலாம். சொட்டை நிறுத்தினால் திருடன் சத்தமில்லாமல் திரும்பி வருவான். மாற்று மருந்து இருக்கிறது. மாற்றுவது டாக்டர் வேலை.

இளவட்டங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்டர்வியூவுக்கு முன்னால் கை நடுங்காமல் இருக்க ப்ரோப்ரனோலால் போட்டுக்கொள் என்று ஃப்ரெண்டு யாராவது சொல்லியிருக்கலாம். நடுக்கம் நிற்பது நிஜம்தான். நிற்பதால்தான் துப்பாக்கி சுடும் போட்டிகளில் இதற்குத் தடை. 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸில் இரண்டு மெடல் வாங்கிய வட கொரிய வீரரின் சோதனையில் ப்ரோப்ரனோலால் அகப்பட்டு, இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். ஒலிம்பிக்ஸை விடுங்கள், சின்ன வயதில் உங்களுக்கு இழுப்பு இருந்ததா என்று அந்த ஃப்ரெண்டுக்குத் தெரியுமா?

கடைசியாக உங்கள் கண். சங்கர நேத்ராலயா டாக்டர்கள் சென்னையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2005-லும் 2008-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். கிளாக்கோமாவில் சாதாரணமாகக் காணும் வகை மட்டும் கிராமத்தில் நூற்றுக்கு 1.62 பேருக்கு, நகரத்தில் 3.51 பேருக்கு. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கிளாக்கோமா இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு பல மடங்கு அதிகம். மயிலாப்பூர் வீடும் வங்கி டெபாசிட்டும் வருகிறதோ இல்லையோ, இது வரலாம்.

நாற்பது தாண்டியிருந்தால், அப்பாவுக்கு இருந்தால் அதற்கு முன்பே கூட, அழுத்தம், நரம்பு, ஓரப் பார்வை மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை படித்துக் காட்டுவது இதில் சேராது. பரிசோதனைக்குப் போகும்போது பைக்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பாப்பாவை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு எல்லாமே மங்கல்தான். வருகிறது 12பி-யா 21ஜி-யா என்று பக்கத்தில் நிற்கிறவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.